வால்வுக்கு மேல போட்ட ரோடு

கொடத்தக் கொஞ்சம் அங்கிட்டு நகட்டி வையி தாயி. முழங்கால மடக்க முடியல. ஆமா, அடிதான். இந்தத் துண்டுக்குள்ள மண்டையிலயும் கட்டு இருக்கு. அதான் இந்த வெக்கையிலயும் தலைப்பா. அது ஒரு கதை. இந்த பஸ்ஸப் பாரேன், ஆளு உக்காந்திருக்கிற சீட்டவிட கொடம் உக்காந்திருக்கிற சீட்டு சாஸ்தியா இருக்கு. டிரைவருக்குப் பின்னாடி கொடம், படியில கொடம். ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸா, தண்ணிக்குப் போற பஸ்ஸான்னே தெரியல.

நீயும் பெரியாஸ்பத்திரிக்கா? யாருக்கு, மகளுக்கா? அடப் பாவமே. எட்டாப்புப் படிக்கிற பிள்ளையா. சரியாப் போயிரும் தாயி, மனசப் போட்டு ஒழப்பிக்கிறாத. போயிச் சேர நேரமாகும், பேசிக்கிட்டே போவம். நீ பைபாஸ்ல ஏறுனதப் பாத்தேன். வெளியூருதான? அதான் ஒன்கிட்டச் சொல்றேன். உள்ளூர்ல வாயத் தெறக்க முடியாது. அங்க ஒரு பயலுக்கும் நியாயம் தெரியாது.

என் பேரு வெயிலுகந்தான். முனிசிபாலிட்டில ரோட்டு மேஸ்திரி. எங்கூர்ல நீ எந்தத் தெருவுல கால வச்சாலும் அது நான் போட்ட ரோடு. குண்டும் குழியுமாக் கெடக்குன்னு சொல்லுவாக. அது நான் போட்டது இல்ல, பெறகு தோண்டுனது. ரோடு போடுறது ஒரு செக்சன், தோண்டுறது ஒரு செக்சன். நாங்க போட்டுக்கிட்டே இருப்போம், அவங்கெ தோண்டிக்கிட்டே இருப்பாங்கெ. தண்ணிக்காரன் தோண்டுவான், சாக்கடைக்காரன் தோண்டுவான், போன்காரன் தோண்டுவான். நம்ம வயித்தெரிச்சல் யாருக்குத் தெரியும்?

இதுல ஒரு மொறை உண்டு, கேளு. ஒரு தெருவுக்கு ரோடு போடப்போறோம்னா, அதுக்கு முன்னாடி தண்ணி செக்சன்ல இருந்து ஆளு வரணும். வந்து, மேஸ்திரி, இங்கன ஒரு வால்வு இருக்கு, பாத்துக்கங்கன்னு நின்னு காட்டணும். அந்த எடத்துல சுண்ணாம்ப வட்டமாப் போடணும். ரெண்டு பேருமாப் போயி ஒரு டீயக் குடிக்கணும். பெறகு நாங்க அந்தக் குழியச் செங்கல் வச்சு ஒசத்திக் கட்டி, மூடிய மேல தூக்கி வச்சிட்டு, அப்புறந்தான் ஜல்லி கொட்டுவோம். இது சட்டத்துல எழுதி வச்சதில்ல. ஆனா எனக்கு முந்தி இருந்த மேஸ்திரி காலத்துல இருந்து இப்பிடித்தான். சுண்ணாம்பு பெருசில்ல தாயி. எந்தக் கழுதையும் சுண்ணாம்பு போடலாம். ஆளு வந்து சொல்றதுதான் பெருசு.

தண்ணி தொறந்துவிடுறவன் பேரு பால்ச்சாமி. வேற யாரும் இல்ல, என் தங்கச்சி சீனியம்மா புருசன். நான்தான் பாத்துக் கட்டிவச்சேன். இவனுக்கு வேலை வாங்கிக் குடுக்க எத்தன பேரு வீட்டு வாசல்ல நான் நின்னிருப்பேன் தெரியுமா? அந்த நன்றி இருக்கணும்ல. இந்தா நீளத்துக்கு ஒரு இரும்புச் சாவி, அதத் தோள்ல போட்டுக்கிட்டுச் சைக்கிள்ல போவான். பொம்பளைகள்லாம், அண்ணே எங்க தெருவுக்கு இன்னைக்கா நாளைக்கான்னு பின்னாடியே ஓடுவாக. அதுலயே தலை வீங்கிப்போச்சு.

போன மாசி மாசம் அவன் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். தாய்மாமன வீட்டுக்கு வந்து, வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா இல்லையா? நீயே சொல்லு. இவன் போன்ல சொல்றான். மச்சான், வெயில்காலம், ஊரெல்லாம் பைப்பு ஒடைப்பு, அலைய முடியல, நீங்க வந்துருங்கன்னு. பைப்பு ஒடைஞ்சா எனக்கென்ன? நான் போகல. எப்பிடியும் விசேசத்தன்னைக்காவது வந்து கூப்புடுவான்னு வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தேன். வரல. அந்தப் பிள்ளைய அவன் ஒண்ணுவிட்ட தம்பி மடியில உக்காரவச்சுக் காது குத்திட்டாங்கெ. என் மருமக, எவன் மடியிலயோ.

என்ன, அந்த முன் சீட்டு அக்கா திரும்பிப் பாக்குறாக? கேக்கட்டும், கேக்கட்டும். நல்லதுதான்.

அதுக்குப் பெறகு கம்மாக்கரைத் தெருவுக்கு ரோடு வந்துச்சு. நீளமான தெரு. மேலக்கோடி, கீழக்கோடின்னு ரெண்டா இருக்கும். கீழக்கோடிக்குத் தண்ணி போகணும்னா நடுவுல ஒரு வால்வு இருக்கு, அதத் தொறந்தாத்தான் போகும். மத்த நாள்ல மூடியே கெடக்கும். பால்ச்சாமி வீடும் கீழக்கோடிதான். நாங்க ஜல்லியக் கொண்டாந்து எறக்கிட்டோம். அவன் வரணும்ல? வரல. தங்கச்சி வந்தா. அண்ணே, அவரு சுண்ணாம்பு போட்டு வச்சிருக்காராம், பாத்துக் கட்டுவியாம்னா. ஏன் அவன் வாய்க்கு என்னன்னேன். அவரு வந்தா நீ மொகத்தத் திருப்புவன்னு பயப்படுறாருண்ணேன்னு சொன்னா. பயமாம். மொகத்தத் திருப்பத்தான் செய்வேன். திருப்புனா என்ன, நின்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான?

வட்டம் இருந்துச்சு தாயி. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். இஞ்சினியர்கிட்ட இல்லைன்னுதான் சொன்னேன், அது ஆபீசு விசயம். ஒன்கிட்ட எதுக்குப் பொய்? பளிச்சுன்னு இருந்துச்சு. ஆளுகளையெல்லாம் டீக்குப் போங்கடான்னு அனுப்பிட்டு, நானே மம்பட்டிய எடுத்தேன். ஜல்லிய இழுத்து மூடுனேன். ஒருத்தனும் பாக்கல. அதுக்கு மேல தார ஊத்தி, ரோலர ஓட்டுனோம் பாரு, அப்பிடி ஒரு ரோடு என் சர்வீசுல போட்டதில்ல. கைக்கொழந்த கன்னம் மாதிரி வழுவழுன்னு. செருப்பக் கழட்டிட்டு நானே ஒரு தடவ நடந்து பாத்தேன். கால் பொசுங்குச்சு. இருந்தாலும் நடந்தேன்.

கீழக்கோடிக்குத் தண்ணி மொறை வந்த அன்னைக்குப் பால்ச்சாமி சாவியத் தூக்கிக்கிட்டு வந்தான். மேலக்கோடி டீக்கடையில உக்காந்து நான் பாத்துக்கிட்டே இருக்கேன். சைக்கிள நிறுத்திட்டுத் தெருவுல மேலயும் கீழயும் நடக்குறான். குனிஞ்சு பாக்குறான். ஒரே கருப்பு, ஒரு அடையாளமும் கெடையாது. கம்பிய எடுத்து ரோட்டத் தட்டித் தட்டிக் காதக் குடுத்துக் கேக்குறான். எனக்குச் சிரிப்பாணி. கீழக்கோடிப் பொம்பளைக கொடத்தோட வரிசையா வந்து நிக்கிறாக. அந்த நேரத்துல அவன் நேரா என்கிட்ட வந்து, மச்சான், வால்வு எங்கன இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, கையப் புடிச்சுக் கூட்டிப்போயிக் காட்டிருப்பேன். சத்தியமா. டீக்கடைய ஒரு தடவ திரும்பிப் பாத்தான், நான் இருக்குறதப் பாத்தான். பாத்துட்டுக் கடப்பாறைய எடுத்துட்டான்.

மொதக் குழி போட்டான். மண்ணுதான். பேசாம இருந்தேன். ரெண்டாவது போட்டான், அதுலயும் இல்ல. மூணாவது குத்துக் குத்தையில எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. கைக்கொழந்த கன்னம்னு சொன்னேன்ல, அதுல கடப்பாறையப் போட்டா பெத்தவன் பாத்துக்கிட்டு இருப்பானா? எந்திரிச்சுப் போயிட்டேன்.

"யாரக் கேட்டு ரோட்ட வெட்டுற?"ன்னேன்.

"வட்டம் போட்டிருந்தேனே மச்சான்."

"எவன் வந்து சொன்னது?"

அவன் கடப்பாறைய ஊண்டிக்கிட்டு நிமிந்தான். நிறுத்தி நிதானமா, எல்லாருக்கும் கேக்கச் சொல்றான், "அப்ப நீங்க தெரிஞ்சேதான் மூடிருக்கீக"ன்னு.

எல்லாரு முன்னாடியும் தாயி. கொடத்தோட நிக்கிற அத்தன பொம்பளைக முன்னாடியும். மானம் போச்சுல்ல? என் கையில மம்பட்டிக் காம்பு இருந்துச்சு. எப்பிடி வந்துச்சுன்னு தெரியல, இருந்துச்சு. ஒரே அடிதான். கையில பட்டுச்சு. கடப்பாறையக் கீழ போட்டுட்டு அவன் மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டு உக்காந்தான். அவ்வளவுதான் நான் செஞ்சது.

அதுக்குப் பெறகுதான் கலவரம். கீழக்கோடிக்காரிக வந்து விழுந்தாக என் மேல. பிளாஸ்டிக் கொடத்தால அடிச்சா வலிக்காது, சத்தந்தான் வரும். டப்பு டப்புன்னு. நான் சிரிச்சுக்கிட்டே வாங்குனேன். அதுல ஒருத்தி எவர்சில்வர் கொடத்தக் கொண்டாந்திருந்தா, சண்டாளி. அது மண்டையில எறங்கவும் பொறி கலங்கிப்போச்சு, ரத்தம் கண்ணுக்குள்ள வழியுது. மேலக்கோடி ஆளுக விடுவானுகளா, அவனுகளுக்கு ரோடு வேணும். நாத்தக் குழியில நடந்தவனுகளுக்கு மொத மொதலா ஒரு நல்ல ரோடு. கல்லு, கட்டை, சைக்கிள் செயின், கையில கெடச்சதத் தூக்கிக்கிட்டு வந்தானுக. எவனோ தார் டின்னுல தீய வச்சுட்டான். கருப்புப் பொகை தெருவெல்லாம். ஒருத்தனுக்குக் காது கிழிஞ்சு தொங்குது. ஒரு கெழவன் கீழ கெடக்குறான், அவன் மேல ஏறி ஓடுறாங்கெ. தண்ணி இல்லாத ஊர்ல இம்புட்டு ரத்தம் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல.

அந்தக் கூட்டத்துலயும் பால்ச்சாமி என்ன செஞ்சான்னு நெனைக்கிற? ஒடைஞ்ச கைய மடியில வச்சுக்கிட்டு, நல்ல கையால குழிக்குள்ள மண்ணப் பறிக்கிறான். சாவிய அதுக்குள்ள விட்டு விட்டுப் பாக்குறான். என்ன திமிரு பாரு. அதப் பாக்கவும் எனக்கு வெறி வந்துருச்சு. ரெண்டாவது அடி அதுதான். தோள்ல. அப்புறம் அவன் எந்திரிக்கப் பாத்தான், அதனால இன்னொண்ணு. அது மொழங்கைக்கு மேல பட்டு, பட்டுன்னு சத்தம் கேட்டுச்சு. காஞ்ச முருங்கக் கெளை முறியிற மாதிரி. அதோட நான் நிறுத்திட்டேன். இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது, நானாத்தான் நிறுத்துனேன். போலீஸ்காரவுக வந்து என் மொழங்கால்ல போட்டது அதுக்குப் பெறகு.

கேசா? இல்ல. பால்ச்சாமி ஸ்டேசன்ல, குழியில தவறி விழுந்துட்டேன், யாரும் அடிக்கலைன்னு சொல்லிட்டான். பயந்துட்டான்ல. வேலை வாங்கிக் குடுத்தவன் கையி எம்புட்டு நீளம்னு அவனுக்குத் தெரியும்.

இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கான். தகடு வச்சிருக்காகளாம். இனிமே அந்தச் சாவியப் புடிச்சுத் திருக வராதுன்னு டாக்டர் சொன்னாராம். டாக்டருக என்னத்தையாச்சும் சொல்லுவாக. இந்தா, இந்தத் தூக்குல என்ன இருக்கு தெரியுமா? ஆட்டுக்கால் சூப்பு. எலும்பு கூடுறதுக்கு இதவிட மருந்து கெடையாது. என் பொண்டாட்டிய வெள்ளனயே எழுப்பி வைக்கச் சொன்னேன். போன வாரமும் இப்பிடித்தான் கொண்டுக்கிட்டுப் போனேன். வார்டு வாசல்ல தங்கச்சி நிக்கிறா. மெலிஞ்சு கருத்துப் போயிட்டா. தூக்குச்சட்டிய வாங்கிக் கீழ வச்சா. என் மூஞ்சியப் பாத்துக் கேட்டா.

"அண்ணே, அந்த வால்வு எங்கண்ணே இருக்கு?"

பாத்தியா? புருசன் கை ஒடிஞ்சு கெடக்கான், அவளுக்கு வால்வு. அவன வந்து கேக்கச் சொல்லுன்னேன். எந்திரிச்சு நடமாடுற நாளைக்கு, என் வீட்டு வாசலுக்கு வந்து, மச்சான்னு ஒரு வார்த்தை கேக்கட்டும், அந்த நிமிசமே சொல்லிர்றேன்னேன். தப்பா? மொறையத்தான கேட்டேன்? கூடப்பொறந்தவ, நான் தூக்கி வளத்தவ, சூப்ப எடுத்து என் தலையில ஊத்துனா தாயி. ஊத்திட்டுச் செருப்பக் கழட்டிட்டா. நோயாளிக எல்லாம் கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து பாக்குறாக. சூடா இருந்துச்சு. ஆனா நான் அழுதது சூட்டுக்கு இல்ல. நான் குடிச்ச மிச்சப்பாலக் குடிச்சு வளந்தவ அவ, அம்புட்டுப் பாசம். இன்னைக்கும் கொண்டு போறேன். ஊத்துனா ஊத்தட்டும்.

ஊர்லயா? ஊர்ல இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்கெ. புது ஆளப் போட்டாக, அவனுக்கு அந்தத் தெருவே தெரியாது. இஞ்சினியர் ஆளுகள வச்சுத் தோண்டுனாரு, சாக்கடைப் பைப்பத்தான் ஒடைச்சாக. என் ரோடு இப்ப அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆயிப்போச்சு. அத்தன குழி போட்டாங்கெ, ஒரு குழியும் பக்கத்துல கூட வரல. அந்தப் பக்கம் போகையில எல்லாம் நான் அதுக்கு மேல மிதிச்சுத்தான் போறேன். காலுக்குத் தெரியும்ல.

கீழக்கோடிக்கு லாரியில தண்ணி அனுப்புறாக. லாரி வந்தா ஒரே அடிதடி. மனுசரா அதுக? மயிரப் புடிச்சு இழுக்குறதும், கையக் கடிக்கிறதும், கொடத்தால மூஞ்சியில குத்துறதும். போன செவ்வாக்கெழம ஒரு சின்னப் பிள்ளைய லாரி மேல ஏத்திவிட்டிருக்காக, டியூப்பப் புடிக்க. நெருக்கடியில எவளோ காலப் புடிச்சு இழுத்திருக்கா. பிள்ள அந்தானைக்குத் தலைகீழாத் தார் ரோட்டுல விழுந்து மண்டை பிளந்துபோச்சாம். இன்னும் கண்ணு முழிக்கலைன்னு பேசிக்கிட்டாக. இதுக்கும் நான்தான் காரணமாம். நல்லாருக்கே. நானா ஏத்திவிட்டேன்? அந்த வயசுப் பிள்ளைய லாரி மேல ஏத்துறாளே, பெத்தவளச் செருப்பால அடிக்க வேணாமா?

என்ன தாயி, தண்ணி கிண்ணி வேணுமா? மொகம் ஒரு மாதிரி இருக்கு. பஸ்ஸு ஒத்துக்கிறாது சில பேருக்கு. ஜன்னல் பக்கம் வந்துரு.

பாரேன், நான் பாட்டுக்கு எங்கதையவே பேசிக்கிட்டு வந்துட்டேன். ஒன் மகளுக்கு என்னன்னு கேக்கவே இல்ல. காய்ச்சலா?

தலையிலயா. எங்கிட்டு விழுந்துச்சு?

லாரியில இருந்தா.

எந்த லாரி?

நீ பைபாஸ்லல்ல ஏறுன. வெளியூருன்னுல்ல நான் நெனைச்சேன். ஓகோ, பைபாஸ் பம்புல தண்ணி கெடைக்குதான்னு பாக்க வந்தீகளா. அதான் கொடமா. இவுக எல்லாமா? இந்த அக்கா, அந்தா அவுக, படியில நிக்கிறவுக, எல்லாரும் கம்மாக்கரைத் தெருவா.

எந்தப் பக்கம்?

கீழக்கோடியா. அன்னைக்கு நான் கொடத்தத்தான் பாத்தேன், மூஞ்சிகளப் பாக்கல.

இல்லங்கம்மா, நான் பெத்தவளச் சொன்னது ஒங்களச் சொல்லல. பொதுவாச் சொன்னேன். ஏன் எந்திரிச்சிட்டீக? ஆஸ்பத்திரி ஸ்டாப்பு இன்னும் வரலையே. உக்காருங்க. கண்டக்டர், அண்ணே, கொஞ்சம் இங்கிட்டுப் பாருங்களேன். இவருமா. நீங்களும் கீழக்கோடியாண்ணே?

அந்தக் கொடத்தக் கீழ வைங்கம்மா. எவர்சில்வரு. இப்பத்தான் தையலு போட்டிருக்கு. நீங்களும் வைங்க. ஏன் ஒருத்தரும் பேச மாட்டேங்கிறீக? கேளுங்களேன். எங்க இருக்குன்னு கேளுங்க, சொல்லிர்றேன். பால்ச்சாமி வர வேணாம். வீட்டுக்கு வர வேணாம், மொறை செய்ய வேணாம். இந்தா, நீங்க கேட்டாப் போதும். யாராச்சும் ஒருத்தர் கேளுங்கம்மா. வாயத் தெறந்து ஒரு வார்த்தை கேளுங்க தாயி.